கிளி கொண்டுவரும் காய்ச்சல்!

ஆரணிக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை கடையோடு திரும்பாமல், தெரிந்த நெசவாளர் வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். கூடத்தில் பாதியைத் தறியே அடைத்துக்கொண்டிருக்கும். இழை கலைந்துவிடுமே என்று ஃபேன் போடக்கூட யோசிப்பார்கள். சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாமே தறிக்குப் பக்கத்தில்தான். அப்படி ஒரு கூடத்தில், பிள்ளை ஆசைப்பட்டது என்று ஒரு பச்சைக்கிளிக் கூண்டையும் மாட்டிவிட்டால்?

"அதனால என்ன, கிளிதானே... ரெண்டு மிளகாப்பழம் போட்டா போதும்!" என்பீர்கள்.

விஷயம் மிளகாய்ப்பழத்தில் இல்லை, எச்சத்தில் இருக்கிறது. 'சிட்டகோசிஸ்' என்று ஒரு நோய். கிளிக்காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதை உண்டாக்கும் பாக்டீரியா, கிளியின் எச்சத்திலும் மூக்குச் சளியிலும் வெளியேறும். எச்சம் காய்ந்து தூளாகி, சிறகுத் தூசியோடு சேர்ந்து காற்றில் பறக்கும். அதை நாம் சுவாசிக்கிறோம். கிளி கடிக்கவே வேண்டாம்! பார்வைக்கு ஜோராக இருக்கும் கிளியிடமும் இது இருக்கலாம்.

பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்புவலி, வறட்டு இருமல். கவனிக்காமல் விட்டால் நிமோனியா. தறிக்காரர் வீட்டில் "நூல் தூசு ஒத்துக்கலை" என்பார்கள். உங்கள் வீட்டில் "சீசன் காய்ச்சல்" என்பீர்கள். வழக்கமாகத் தரும் அமாக்ஸிசிலின் மாதிரி மருந்துகள் இதற்குப் பிடிக்காது. டாக்ஸிசைக்ளின் வகை மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படும். ஆனால் டாக்டருக்குக் கிளிமேல் சந்தேகம் வந்தால்தானே? (இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்!) நாள்பட்ட இருமலா, சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்வதும் அவசியம். "வீட்டில் கிளி இருக்கிறது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

1929 கடைசியில் தென் அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கிளிகள் ஏற்றுமதியாயின. கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கிப்போன வீடுகளில் ஆட்கள் படுத்துவிட்டார்கள். பல நாடுகளில் உயிர்ச்சேதம். இதை ஆராய்ந்த அமெரிக்க அரசு ஆய்வுக்கூடத்தில், கிளியைத் தொடாதவர்களுக்குக்கூடக் காய்ச்சல் வந்தது! 1930 ஜனவரியில் ஜனாதிபதி ஹூவர் கிளி இறக்குமதிக்கே தடை போட்டார்.

வியாபாரத்தை ஏன் தடுக்க வேண்டும்? பொந்திலிருந்து குஞ்சைப் பிடுங்கி, ஒரே கூண்டில் பத்து இருபதை அடைத்து, சந்தை சந்தையாகத் தூக்கிப்போகிறார்கள். அந்தப் பயத்திலும் நெரிசலிலும்தான் கிளி அதிகமாகக் கிருமியைக் கக்கும். ஒன்றிடமிருந்து மற்றதற்கும் தொற்றும். அந்தக் கிளிதான் நம் வீட்டுக்கு வருகிறது.

நம் நாட்டில் 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் ஊர்க் காட்டுப் பறவைகளை விற்க 1990-91லேயே தடை வந்துவிட்டது. 2022-ல் திருத்திய சட்டம் 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. அதன்படி பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில். மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. விற்பவருக்கு மட்டுமல்ல, வளர்ப்பவருக்கும்! 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு சினிமா நடிகர் வீட்டில் இருந்த இரண்டு கிளிகளை வனத்துறையினர் எடுத்துப்போனார்கள். அபராதம் இரண்டரை லட்சம்!

'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் வாங்கும் வெளிநாட்டுக் குட்டிக்கிளிக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் அதுவும் கிளி இனம்தான். இதே கிருமி அதற்கும் வரும். கூண்டைச் சமையலறையிலும் படுக்கையறையிலும் வைக்காதீர்கள். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்கவே கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துடையுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

பச்சைக்கிளியே இருக்கிறதா? பாவம் பார்த்து நீங்களே திறந்து விட்டுவிடாதீர்கள். இறக்கை வெட்டிய கிளி, தெருமுனைப் பூனையைத் தாண்டாது. பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். பிள்ளை அழுதால், சாயங்காலம் கூட்டமாகக் கிளிகள் வந்து அடையும் மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.