பெயர் மாறிய கெளுத்தி

வியாபாரத்தில் நட்டம் பல வழியில் வரும். விலை விழுந்து வரும், சரக்குப் பழுதாகி வரும், கொடுத்த கடன் திரும்பாமல் வரும். பெயர் பிழைத்தாலும் வரும் என்று எனக்குக் கற்றுத்தந்தது விரல் நீளமுள்ள ஒரு மீன்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வலை, கயிறு, தூண்டில் விற்கும் சிறு கடை என்னுடையது. பிள்ளைகள் கேட்கிறார்களே என்று ஒரு மூலையில் அலங்கார மீன் தொட்டிகளும் வைத்தேன். சில வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரியிடம் 'அப்சைட் டவுன்' என்ற பெயரில் 12 குஞ்சுகள் வாங்கினேன். வயிறு மேலே, முதுகு கீழே என்று நீந்தும் ஆபிரிக்கக் கெளுத்தி அது. ஒரு கிழமைக்குள் எல்லாம் விற்றுப்போயின.

எட்டு மாதம் கழித்து, மூன்று மீன் வாங்கிய ஆசிரியர் ஒருவர் வாளியோடு வந்தார். "நானா, விரல் அளவுதான் வளரும் என்டீங்க. பாருங்க, கை நீளத்துக்கு வந்துட்டுது. தொட்டியில இருந்த சின்ன மீனெல்லாத்தையும் முடிச்சிட்டுது" என்றார். பிறகு சொன்னதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. "நீங்க எடுக்காட்டி கிண்ணியாவுக்குப் போற வழியில ஆத்துல விட்டுடுறன்."

வாளியை வாங்கி வைத்துக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றுதான் விற்ற பொருள் என்னவென்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். விற்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலை.

சினோடொண்டிஸ் என்ற இந்தப் பேரினத்தில் 100க்கும் மேற்பட்ட இனங்கள் ஆபிரிக்க ஆறுகளிலும் ஏரிகளிலும் உண்டு. நான் கேட்டது சினோடொண்டிஸ் நைக்ரிவென்ட்ரிஸ். கொங்கோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது, 1936இல் பெயரிடப்பட்டது, ஏறக்குறைய 10 சென்றிமீற்றரோடு நின்றுவிடும். எனக்குக் கிடைத்தது சினோடொண்டிஸ் யூப்டெரஸ். வெள்ளை நைல், நைஜர், வோல்டா ஆறுகளின் மீன். தொட்டியிலேயே 15, 20 சென்றிமீற்றர் வளரும், ஆற்றில் அதற்கு மேலும் போகும். குஞ்சாக இருக்கும்போது இரண்டும் கபில நிறத்தில் புள்ளியும் திட்டுமாக ஒன்றுபோலத் தெரியும். போதாததற்கு, பண்ணைகளில் இனம் கலந்து பிறந்த குஞ்சுகளும் சந்தைக்கு வருகின்றன.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை இவை. முதலில் வயிறு. நைக்ரிவென்ட்ரிஸ் என்றாலே கருவயிறு என்று பொருள். சாதாரண மீனுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு. இதற்கோ வயிறுதான் முதுகைவிடக் கறுப்பு. தலைகீழாக நீந்தும்போது மேலே தெரிவது வயிறுதானே, அது இருண்டிருந்தால்தான் மேலிருந்து பார்க்கும் எதிரியின் கண்ணுக்குத் தப்பும். இரண்டாவது நீச்சல். மற்ற இனங்களும் இடைக்கிடை புரண்டு நீந்தும், ஆனால் இது நடுத் தண்ணீரிலும் பெரும்பாலும் மல்லாந்தே திரியும். அவசரப்படாமல் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மூன்றாவது முதுகுத் துடுப்பு. யூப்டெரஸ் வளர வளர அதன் முதுகுத் துடுப்புக் கதிர்கள் இறகுபோல நீளும். ஆனால் அது தெரியும் நேரத்தில் காசு கைமாறியிருக்கும்.

வளர்ப்பது கஷ்டமில்லை. தனியாக விட்டால் ஒளிந்தே கிடக்கும், நாலைந்தாக விடுங்கள். ஒளிய மரக்கட்டை, கவிழ்த்த சிரட்டை போதும், அதன் அடியில் தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். குழாய் நீரென்றால் குளோரின் போக ஒரு நாளாவது காற்றோட்டத்தோடு வைத்து ஊற்றுங்கள். கடலோரக் கிணற்று உவர் நீர் வேண்டாம். 22 முதல் 26 பாகை வெப்பம் அதற்குச் சுகம். நமது கச்சான் காற்றுக் காலத்தில் தண்ணீர் சுட்டால் ஒட்சிசன் குறையும், தொட்டியை நிழலுக்கு மாற்றிக் காற்றுப் பம்பை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். தீனி பொழுதுபட்ட பிறகு. செதிள் இல்லாத மீன் என்பதால் செம்பு கலந்த மருந்துகள் ஆகாது.

முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், பிடித்தால் கீச்சென்று சத்தமும் போடும். வலையில் அள்ளினால் முள் சிக்கும், ஒரு கோப்பையால் அள்ளுங்கள். பொலித்தீன் பையை இரட்டையாகப் போடுங்கள். ஒற்றைப் பையில் கொண்டுவந்து, ஹபரணைக்கு வருமுன் பஸ்ஸில் என் மடி நனைந்த அனுபவம் எனக்குண்டு.

இனி அந்த ஆற்று விடயம். மகாவலி வந்து கடலில் விழுவது நமது கொட்டியாரக் குடாவில். 'டேங்க் கிளீனர்' என்று விற்ற தென்னமெரிக்கக் கெளுத்தி தொட்டிகளிலிருந்து தப்பி, இன்று நம் நீர்த்தேக்கங்களில் பெருகி, நன்னீர் மீனவரின் வலையைக் கிழிக்கிறது. தின்ன ஆளில்லை, விற்க விலையில்லை. அதையும் யாரோ ஒரு கடைக்காரர்தான் முதலில் விற்றிருப்பார், யாரோ ஒருவர் இரக்கப்பட்டு ஆற்றில் விட்டிருப்பார். வலை விற்றுப் பிழைக்கும் நான் வலை கிழிக்கும் மீனுக்கு வழி திறக்கலாமா? அதனால் என் கடையில் வாங்கிய மீன் பெருத்துவிட்டால் நானே திருப்பி எடுக்கிறேன்.

மற்ற ஒன்பதில் ஐந்தைத் தேடிப் பிடித்துக் காசு கொடுத்தேன். நாலு எங்கே என்று இன்றும் தெரியாது. அது மனதில் முள்ளாகவே இருக்கிறது.

இப்போது மொத்த வியாபாரியிடம் பில்லில் முழுப் பெயரை எழுதச் சொல்கிறேன். எழுத மறுப்பவரிடம் வாங்குவதில்லை. தொட்டியில் பெயரோடு எவ்வளவு வளரும் என்பதையும் எழுதி ஒட்டுகிறேன். அதைப் படித்துவிட்டு வாங்காமல் போகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த ஆசிரியர் திரும்பி வந்தார், தன் பாடசாலைத் தொட்டிக்கு என்னிடமே மீன் வாங்கினார். அந்தக் கிழமையில் நான் செய்த நல்ல வியாபாரம் அதுதான்.