சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மலைத்தடங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மலைத்தடங்கள் என்பன தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் ஆகிய இரு மாவட்டங்களிலும் உள்ள மலைகள், குன்றுகள் ஆகியவற்றின் நடைபாதைகளையும் படிவழிகளையும் குறிக்கும். சேர்வராயன் மலை, கொல்லிமலை, போதமலை, கஞ்சமலை, சங்ககிரி, திருச்செங்கோடு, நைனாமலை, நாமக்கல் மலை ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. நாமக்கல் மாவட்டம் 1997ஆம் ஆண்டு சனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது.

இத்தடங்களுள் பெரும்பாலானவை சுற்றுலாவுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. மலைவாழ் மக்கள் சந்தைக்கும் மருத்துவத்துக்கும் இறங்கிய வழிகளும், அடியார்கள் கோயிலுக்கு ஏறிய படிகளும், படைவீரர் காவலுக்குச் சென்ற கோட்டைப் பாதைகளுமே இன்று நடைப்பயணிகளுக்குப் பயன்படுகின்றன. ஒரு தடம் எத்தேவைக்காக உண்டானதோ அதனைப் பொறுத்தே அதன் செங்குத்தும் நீளமும் வசதிகளும் அமைந்துள்ளன.

நில அமைப்பு

இம்மலைகள் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல இவை தொடர்ந்து நீளாமல், சமவெளியின் நடுவே தனித்தனித் தொகுதிகளாக எழுந்து நிற்கின்றன. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் பக்கங்களில் செங்குத்தாகவும், மேற்பகுதியில் ஏற்ற இறக்கங்களுடன் கூடிய பரந்த மேட்டுநிலமாகவும் உள்ளன. இதனால் அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் வழிகள் குறுகிய தொலைவில் மிகுந்த உயரம் ஏறுகின்றன. மேலே சென்றபின் வயல்களுக்கும் சிற்றூர்களுக்கும் இடையே ஓரளவு எளிதாக நடக்கலாம். மேட்டுநிலத்தின் விளிம்பில் ஓடைகள் கீழே விழும் இடங்களே இப்பகுதியின் அருவிகளாகும்.

சேர்வராயன், கொல்லி ஆகிய இரு மலைகளின் உச்சிகளிலும் பாக்சைட்டுப் படிவுகள் உள்ளன. கஞ்சமலையில் இரும்புத் தாதும், சேலம் நகரை ஒட்டிய வெண்ணிறக் குன்றுகளில் மாக்னசைட்டும் கிடைக்கின்றன.

சேர்வராயன் மலை

சேலம் நகருக்கு வடக்கே அமைந்துள்ள சேர்வராயன் மலையின் மேல் ஏற்காடு நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏரி, காடு என்னும் இரு சொற்கள் சேர்ந்து இப்பெயர் உண்டானது என்பர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைச்சாலை வழியாகவும், குப்பனூர் வழியாகவும் ஏற்காட்டை அடையலாம். 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கு காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். நிழல் மரங்களின் கீழ் காப்பியும், அம்மரங்களின் மேல் படரும் மிளகும் இன்றும் இம்மலையின் முதன்மைப் பயிர்களாக உள்ளன.

மலையின் உயர்ந்த பகுதியில், 1600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், சேர்வராயன் கோயில் அமைந்துள்ளது. இது குகைக்குள் உள்ள கோயில் ஆகும். இங்கு சேர்வராயனும் காவேரியம்மனும் வழிபடப்படுகின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலைச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வருகின்றனர். ஏற்காட்டிலிருந்து கோயில் வரை சாலை உள்ளது. ஆயினும் காப்பித் தோட்டங்களின் ஓரமாக நடந்து செல்வோரும் உளர்.

கிளியூர் அருவி ஏற்காடு ஏரியிலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவில் உள்ளது. ஏரியிலிருந்து வழியும் நீர் இவ்வருவியை வந்தடைகிறது. எனவே மழைக்குப்பின் ஏரி நிறைந்த காலத்திலேயே அருவியில் நீர் மிகுதியாக விழும். கோடைக்காலத்தில் வருவோர் பெரும்பாலும் வெறும் பாறையையே காண நேரும். பகோடா முனை, சீமாட்டி இருக்கை, கரடிக் குகை, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பண்ணை ஆகியன ஏற்காட்டில் காணத்தக்க பிற இடங்கள்.

கொல்லிமலை

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தின் கிழக்கில் அமைந்துள்ளது. இதன் மேட்டுநிலம் 1000 முதல் 1300 மீட்டர் வரை உயரமுடையது. செம்மேடு இம்மலையின் நிருவாகத் தலைமையிடம் ஆகும். அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. முள்ளுக்குறிச்சி வழியாகவும் மலைக்குச் செல்லலாம்.

சங்க இலக்கியங்கள் கொல்லிமலையைப் பலவிடங்களில் குறிப்பிடுகின்றன. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி இம்மலையை ஆண்டான். அவனது வில்லாற்றலையும் கொடையையும் வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். செம்மேட்டில் ஓரியின் சிலை உள்ளது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடத்தப்படுகிறது. சங்கப் பாடல்கள் கூறும் கொல்லிப்பாவையை இம்மலையிலுள்ள எட்டுக்கை அம்மனுடன் இணைத்துக் கூறும் மரபு உண்டு.

ஆகாயகங்கை அருவித் தடம்

அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகில் ஐயாறு மேட்டுநிலத்தின் விளிம்பிலிருந்து ஆகாயகங்கை அருவியாக விழுகிறது. கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் அருவியின் அடிவரை இறங்குகின்றன. மற்ற மலைகளில் முதலில் ஏறிப் பின்னர் இறங்குவது வழக்கம். இங்கோ முதலில் இறக்கமும், களைத்தபின் ஏற்றமும் அமைகின்றன. இறங்கும்போது எளிதாகத் தோன்றுவதால் முதியோரும் இதய நோயாளிகளும் தம் ஆற்றலைத் தவறாகக் கணிக்க வாய்ப்புண்டு. மாலையில் இறங்கத் தொடங்குவோர் இருட்டில் ஏற நேரும். எனவே முற்பகலில் சென்று திரும்புதல் நன்று. படிகளின் சில பகுதிகள் மழைக்காலத்தில் பாசி படிந்து வழுக்கும். மேட்டுநிலத்தில் பெய்யும் மழையால் அருவியில் நீர்வரத்து திடீரென உயரக்கூடும். அருவியின் அடியில் நிற்பவருக்கு மேலே பெய்யும் மழை தெரியாது. வெள்ளக் காலங்களில் வனத்துறை அருவிக்குச் செல்லத் தடை விதிக்கிறது.

புளியஞ்சோலைத் தடம்

அருவியாக விழும் ஐயாறு, காட்டின் ஊடாகத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலுள்ள புளியஞ்சோலையை அடைகிறது. புளியஞ்சோலையிலிருந்து காட்டுவழியே ஏறி அறப்பளீசுவரரை வழிபடுவது அடிவார மக்களின் பழைய வழக்கம் ஆகும். ஆடிப் பதினெட்டையொட்டி இவ்வழியில் அடியார்கள் மிகுதியாகச் செல்வர். பிற நாட்களில் இத்தடத்தில் ஆள்நடமாட்டம் குறைவு. காட்டுக்குள் பல கிளைவழிகள் பிரிவதால் உள்ளூர் வழிகாட்டியும் வனத்துறை அனுமதியும் இன்றி இதில் செல்லலாகாது.

பிற இடங்கள்

மாசிலா அருவி, நம்ம அருவி ஆகியன குறைந்த நடையில் அடையத்தக்கவை. சீக்குப்பாறை, சேலூர் ஆகிய காட்சி முனைகளிலிருந்து சமவெளியைக் காணலாம். வாசலூர்ப்பட்டியில் படகுத் துறை உள்ளது. மாசி பெரியண்ணன் கோயில் மலையின் உயர்ந்த பகுதியொன்றில் அமைந்துள்ளது.

மக்களும் தடங்களும்

சேர்வராயன் மலை, கொல்லிமலை, போதமலை ஆகியவற்றில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். இங்கு மலையாளி என்பது மலையில் வாழ்பவர் எனப் பொருள்படும். இவர்கள் தமிழ் பேசுவோர். கேரள மக்களைக் குறிக்கும் சொல்லுடன் இதனைக் குழப்பிக் கொள்ளுதல் கூடாது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. கொல்லிமலையின் சிற்றூர்கள் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு முதலிய நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன.

கொல்லிமலையில் முன்னர் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகிய சிறுதானியங்கள் மிகுதியாகப் பயிரிடப்பட்டன. பின்னர், விற்பனைக்கான மரவள்ளி பல நிலங்களில் அவற்றின் இடத்தைப் பிடித்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து சிறுதானியங்களைப் பாதுகாக்கும் பணியை இங்கு மேற்கொண்டது. மிளகு, காப்பி, பலா, வாழை, அன்னாசி ஆகியனவும் இங்கு விளைகின்றன. சோளக்காடு சந்தையில் இவற்றை வாங்கலாம்.

நடைப்பயணிகள் செல்லும் வழிகள் பல, இம்மக்களின் வயல்கள் வழியாகவும் கோயில் காடுகள் வழியாகவும் செல்கின்றன. கோயில் காடுகளில் மரம் வெட்டுவதும் காலணியுடன் நுழைவதும் பலவிடங்களில் விலக்கப்பட்டுள்ளன. இக்காடுகள் ஓடைகளின் தலைப்பகுதியைக் காப்பதால், அருவிகளில் நீர் நீடித்து ஓடுவதற்கும் இவை துணைபுரிகின்றன.

போதமலை

இராசிபுரத்துக்கு அருகிலுள்ள போதமலையில் கீழூர், மேலூர், கெடமலை ஆகிய சிற்றூர்கள் உள்ளன. இவற்றுக்கு நீண்ட காலம் வாகனச் சாலை இல்லை. அடிவாரத்திலுள்ள வடுகம் முதலிய ஊர்களிலிருந்து கற்கள் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் பல கி.மீ. ஏறியே ஊரை அடைந்தனர். உணவுப் பொருட்களைத் தலைச்சுமையாகக் கொண்டு சென்றனர். நோயுற்றோரைத் தூளி கட்டித் தூக்கி வந்தனர். தேர்தல்களின்போது வாக்குப்பதிவுக் கருவிகளும் இவ்வழியே சுமந்து செல்லப்பட்டன. மக்களின் நெடுங்காலக் கோரிக்கைக்குப்பின் 2020களில் சாலை அமைக்கும் பணி தொடங்கப்பட்டது. நடைப்பயணிகள் விரும்பி ஏறிய இதே பாதை, அவ்வூர் மக்களுக்கு வேறு வழியின்மையால் ஏறவேண்டிய பாதையாக இருந்தது.

கோட்டைக் குன்றுகள்

சங்ககிரி: சேலம் மாவட்டத்தின் மேற்கிலுள்ள இக்குன்றின் சரிவுகளில் அடுக்கடுக்கான மதில்களும் வாயில்களும் உச்சிவரை தொடர்கின்றன. திப்பு சுல்தான் காலத்திலும் பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் இக்கோட்டை படைத்தளமாக விளங்கியது. ஆங்கிலேயரை எதிர்த்த தீரன் சின்னமலை 1805ஆம் ஆண்டு சூலை 31 அன்று இங்கு தூக்கிலிடப்பட்டார். ஆடிப் பதினெட்டன்று அவரது நினைவுநாள் கடைப்பிடிக்கப்படுகிறது. வழியில் நிழல் குறைவு. எனவே காலையில் ஏறுவது வழக்கம்.

நாமக்கல்: நகரின் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறை ஏறத்தாழ 75 மீட்டர் உயரமுடையது. பாறையில் செதுக்கப்பட்ட குறுகிய படிகள் வழியாக மேலுள்ள கோட்டையை அடையலாம். பாறையின் மேற்கில் நரசிம்மர் குடைவரையும், கிழக்கில் அரங்கநாதர் குடைவரையும் உள்ளன. இவை அதியமான் மரபினர் காலத்தவை. நரசிம்மரை நோக்கி நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயர் சிலைக்குக் கூரை இல்லை. ஏறும் தொலைவு சிறிது என்பதால் முதன்முறையாக மலையேறுவோருக்கும் சிறுவருக்கும் இது ஏற்றது.

கோயில் குன்றுகள்

திருச்செங்கோட்டு மலைமேல் அர்த்தநாரீசுவரர் கோயில் உள்ளது. சம்பந்தர் தேவாரத்தில் இத்தலம் கொடிமாடச் செங்குன்றூர் எனப்படுகிறது. மலைக்குப் படிவழியும் வாகனச் சாலையும் உள்ளன. படிவழியில் சுமார் 1200 படிகள் உள்ளன. இடையிடையே மண்டபங்கள் அமைந்திருப்பதால் நிழலில் இளைப்பாறி ஏறலாம்.

சேந்தமங்கலத்துக்கு அருகிலுள்ள நைனாமலையில் வரதராசப் பெருமாள் கோயில் உள்ளது. படிகள் செங்குத்தானவை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருந்திரளான மக்கள் ஏறுவர். சேலத்துக்கு மேற்கேயுள்ள கஞ்சமலையின் அடிவாரத்தில் சித்தர் கோயில் உள்ளது. அமாவாசை நாட்களில் இங்கு கூட்டம் மிகும்.

ஏற்ற பருவம்

செப்டம்பர் முதல் சனவரி வரையுள்ள காலம் அருவிகளைக் காண ஏற்றது. எனினும் அக்டோபர், நவம்பர் மாதங்களின் கனமழை நாட்களில் மலைச்சாலைகளில் மண்சரிவு ஏற்படலாம். திசம்பர், சனவரி மாதங்களில் மலைமேல் குளிரும் மூடுபனியும் மிகும். பிப்ரவரி முதல் மே வரை காடு காய்ந்து தீப்பற்றும் நிலையில் இருக்கும். சமவெளிக் குன்றுகளில் கோடை வெயிலில் பாறை சூடேறுவதால் காலை 9 மணிக்குள் இறங்கிவிடுதல் நன்று.

விதிகளும் பாதுகாப்பும்

2018ஆம் ஆண்டு மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்றிருந்தோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதன்பின் தமிழ்நாடு அரசு அவ்வாண்டிலேயே காடுகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. இவற்றின்படி காப்புக்காடுகளில் நடைப்பயணம் மேற்கொள்ள வனத்துறையின் முன் அனுமதி பெறவேண்டும். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 தடங்களுக்கு இணையவழிப் பதிவும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளும் கொண்ட திட்டம் தொடங்கப்பட்டது. பொதுச்சாலை, கோயில் படிகள் ஆகியவற்றுக்கு இத்தகைய அனுமதி தேவையில்லை.

சேர்வராயன் மலையில் காட்டெருமைகளும், கொல்லிமலையில் கரடிகளும் காணப்படுகின்றன. அதிகாலையிலும் அந்தியிலும் தனியே காட்டுவழியில் செல்வதைத் தவிர்க்கவேண்டும். காட்டெருமையைக் கண்டால் அருகில் செல்லாமல் அது வழிவிடும்வரை ஒதுங்கி நிற்கவேண்டும். காய்ந்த காலத்தில் காட்டில் அடுப்பு மூட்டுவதும் புகைப்பதும் பெரும் தீங்கு விளைவிக்கும். பல தடங்களில் குடிநீர் கிடைக்காது என்பதால் அதனை உடன் கொண்டு செல்லவேண்டும். அருவிகளிலும் ஓடைகளிலும் வழலையும் நெகிழிப் பொருட்களும் கலப்பதைத் தவிர்த்தல் வேண்டும். கொல்லிமலையின் ஐயாற்று நீரே கீழேயுள்ள புளியஞ்சோலைப் பகுதியின் ஊர்களுக்கும் வயல்களுக்கும் செல்கிறது.