ஆடிக் காற்றில் அம்மி மட்டுமா பறக்கும்?

பாபநாசம் அருவித் தண்ணீரின் வேகத்தை வைத்து 1880களிலேயே மில் ஓட்டினார்கள், தெரியுமா? விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய பஞ்சாலைக்குக் கதிர் சுற்றிக் கொடுத்தவள் நம் தாமிரபரணி! 1944இல் அதே தண்ணீரில் பாபநாசம் மின் நிலையமும் ஓடத் தொடங்கியது.

காற்றின் கதை இன்னும் ஜோர். குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் தென்மேற்குக் காற்று, செங்கோட்டைக் கணவாயில் நெருக்கியடித்து நுழைந்து சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு என்று பாய்கிறது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பணகுடி, ராதாபுரம். பெரும்பாலான மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வருவதால் மானாவாரிக்காரருக்குப் பெரிய லாபமில்லை, மின்சாரம் எடுக்கும் காற்றாலைக் காத்தாடிக்காரருக்குத்தான் கொண்டாட்டம்!

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எத்தனை மடங்காகும்? இரண்டா? எட்டு! வேகம் மூன்று மடங்கானால் சக்தி 27 மடங்கு! அம்மி பறக்கும் என்ற பாட்டிமார் கணக்கு ரொம்பத் தப்பில்லை. அதற்காக, எவ்வளவு அடித்தாலும் காத்தாடி சுற்றும் என்று நினைக்காதீர்கள். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் சோம்பலாகக் கிளம்புவது, 25 மீட்டரைத் தாண்டினால் இறக்கையைக் காற்று பிடிக்காதபடி திருப்பிக்கொண்டு தானே நின்றுவிடும். கயத்தாறு நாற்கரச் சாலையில் போகும்போது காத்தாடிக் கோபுரத்தின் தலையைக் கவனியுங்கள். அதன் முதுகில் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் குட்டிக் கருவிகள் இருக்கும். திசை மாறினால், அத்தனை பெரிய தலையும் மெதுவாகத் திரும்பிக் காற்றுக்கு முகம் கொடுக்கும்!

வெயிலும் சும்மா இல்லை. கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் ஆலையை 2025 பிப்ரவரியில் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். ஆண்டுக்கு 4,300 மெகாவாட் அளவுக்கு சோலார் செல்லும் பேனலும் செய்யும் ஆலை. வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூடங்குளத்தில் ஓர் உலை 1,000 மெகாவாட்தானே என்று துள்ளிவிடாதீர்கள், ராத்திரியில் வெயில் அடிக்காது!

இதெல்லாம் எதற்கு? பூமி மேலும் சூடாகாமல் இருக்கத்தான். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதை மறக்க முடியுமா? வெப்பத்தைக் கூட்டும் கரியமில வாயுவைத் தூத்துக்குடியில் சரக்காகவே மாற்றிக் காட்டினார்கள், தெரியுமா? அங்குள்ள ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016இல், நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து அதைப் பிரித்துச் சோடா உப்பாக்கினார்கள். ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் திட்டம், அதுவும் அரசு மானியம் இல்லாமல்!

ஒரே ஒரு வயிற்றெரிச்சல். நல்ல காற்றடிக்கும் இடங்களையெல்லாம் 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் குட்டிக் காத்தாடிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இன்றைய காத்தாடி ஒன்றே 2,000 கிலோவாட்டுக்கு மேல் தரும். பழையதைக் கழற்றிப் புதியதை நட 2024இல் தமிழக அரசு கொள்கையும் கொண்டுவந்துவிட்டது. காத்தாடி முதலாளிகளே, புது இடம் தேடி அலையும் முன் அந்தக் கொள்கையை முதலில் பாருங்கள்!