இல்லறத்தின் தேட்டமும் அதன் பங்கும்

வருஷநாட்டு மலைகளின் அடிவாரத்தில், கடமலைக்குண்டு தொட்டு மயிலாடும்பாறை வரையிலும் அதற்கப்பாலும் பரவியிருக்கும் இலவந்தோப்புகளிலே, உதிர்த்த காயைப் பொறுக்கி உடைத்து, பஞ்சு வேறு விதை வேறாகப் பிரித்தெடுக்கும் பெண்களின் உழைப்பைக் கண்ணாரக் காண்கிறோம். ஆனால் தோப்பின் கிரயப் பத்திரத்தையோ பட்டாவையோ எடுத்துப் பார்த்தால், பல குடும்பங்களில் புருஷன் பெயர் ஒன்றே நிற்கிறது. தாம்பத்தியம் செவ்வனே நடக்கும் காலத்தில் ஒருவர் மனத்தையும் உறுத்தாத இந்த வித்தியாசம், மணம் முறிந்து கோர்ட்டு வாசலை மிதிக்கும் நாளில், ஒரு ஸ்திரீயின் எஞ்சிய வாழ்நாளையே நிர்ணயிப்பதாகி விடுகிறது.

விவாகரத்து ஆனால் சொத்தில் சரிபாதி கிடைத்துவிடும் என்று நம்புவோர் பலர். போர்ச்சுகீசியரின் 1867-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் வழிவந்த கோவாவில் அத்தகைய பொதுவுரிமை உண்டெனினும், 1955-ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம் அப்படியொரு பங்கை வகுக்கவில்லை. ஆகவே, எந்தப் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதே முதற் காரியம்.

முதல் வகை ஸ்திரீதனம். தாய்வீட்டார் போட்ட நகை, சீராக வந்த பாத்திரம், உற்றார் அவளுக்கென்று அளித்த பரிசு யாவும் அவளுக்கே பூரண சொந்தம் என்றும், கணவன் வசம் இருப்பினும் அவன் அவற்றைப் பாதுகாப்பவனே அன்றி உடையவன் அல்லன் என்றும் 1985-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கஷ்ட காலத்தில் மனைவியின் நகையை அடகு வைத்துக் கிணற்றுக்குப் போர் போட்டவன், அதை மீட்டுத் தரக் கடமைப்பட்டவன் என்பதே 2024-இல் கேரளத் தம்பதியர் வழக்கில் அதே கோர்ட் உரைத்த நியாயத்தின் சாரம்.

இரண்டாம் வகையாக, விவாக சமயத்தில் இருவருக்கும் பொதுவாக வந்த பொருளைப் பற்றி, இந்து விவாகச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். கணவனின் பூர்விகச் சொத்தில் மணமுறிவினால் மனைவிக்குப் பங்கு ஏற்படுவதில்லை. அவ்வாறே, தந்தைவழிச் சொத்தில் அவளுக்கு வந்த பாகத்தில் கணவனுக்கும் பாத்தியதை இல்லை. அவளுடைய ஜீவனத்துக்கு 25-ஆம் பிரிவு ஜீவனாம்சம் அளிக்கிறது. வேண்டுமாயின் கணவனின் நிலத்தின்மீதே அதற்குப் பொறுப்பு ஏற்றலாம். இருவரும் தத்தம் வரவையும் சொத்தையும் கடனையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டுமென்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் விதித்தது, மறைத்து வைப்போருக்கு ஒரு தடை.

எஞ்சி நிற்பதுதான் பெரிய சிக்கல்: மணவாழ்வின்போது வாங்கிய வீடும் காடும். இங்கே பத்திரத்திலுள்ள பெயரே பெரும்பாலும் முடிவு சொல்கிறது. எனினும் 2023 ஜூனில், விவாகரத்து வழக்கன்றித் தம்பதியரிடையே எழுந்த சொத்து வழக்கொன்றில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவன் வெளிதேசத்தில் சம்பாதித்த காலத்தில் வீட்டையும் மக்களையும் பேணிய மனைவியின் உழைப்பும் சொத்துச் சேர்த்ததில் பங்குடையது என்று கொண்டு, அவளுக்குச் சமபங்கு உண்டென்றார். அத்தீர்ப்பு ஒரு வழி திறந்ததே அன்றிச் சட்டமாகிவிடவில்லை. கணவன் சொத்தில் பங்கு தர முயன்ற மசோதா 2013-இல் ராஜ்ய சபையில் நிறைவேறியும் காலாவதியாயிற்று.

இந்தச் சிந்தனை தமிழருக்குப் புதியதன்று. டச்சுக்காரர் ஆட்சியில் 1707-இல் தொகுக்கப்பெற்ற யாழ்ப்பாணத்துத் தேசவழமை, சொத்தைப் பரம்பரையாக வந்த முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என மூன்றாக வகுத்தது. இல்லற காலத்தில் தேடியது எவர் பெயரில் இருப்பினும் இருவருக்கும் சமம் என்று 1911-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறியது. மனைவி தன் நிலத்தை விற்கக் கணவனின் சம்மதம் கேட்ட அவ்வழக்கத்தின் குறையை நாம் தள்ளி, தேட்டம் இருவரது என்ற அதன் தர்மத்தைக் கொள்வோமாக.

சட்டம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியவை உண்டு. நகை ரசீதையும் சீர் வரிசைப் பட்டியலையும் மொய் நோட்டையும் பத்திரப்படுத்துங்கள். நிலம் வாங்கும்போது இருவர் பெயரையும் எழுதுங்கள். பெண்கள் பெயரில் பதியப்படும் பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது. வழக்கு நேர்ந்தால், வருமானம் எவ்வளவாயினும் பெண்ணுக்கு இலவச வக்கீல் உதவி அளிக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தேனியிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இருவர் உழைப்பால் விளைந்ததை ஒருவர் பெயரில் எழுதுவது அநீதி. அந்த அநீதியைத் திருத்த வேண்டிய இடம் விவாகரத்துக் கோர்ட்டன்று, சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸே.