இயங்குதளத்தின் மேல் விழும் பழி

கணினியின் முன் அமர்ந்து ஜீவனம் நடத்தும் எவரிடம் கேட்டாலும், இயங்குதளங்களைப் பற்றி அவரிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். ‘லினக்ஸா, அது புரோகிராம் எழுதுகிறவர்களுக்குத்தான் சரிப்படும்’ என்பார் ஒருவர்; ‘விண்டோஸ் போட்ட சிஸ்டம் ஒரு வருஷம்தான், அப்புறம் ஹேங் ஆக ஆரம்பித்துவிடும்’ என்பார் இன்னொருவர்; ‘மேக் வாங்கினால் தலைவலியே இல்லை, ஆனால் அந்த விலை நமக்குக் கட்டாது’ என்று பெருமூச்சு விடுவார் மூன்றாமவர். தேநீர்க் கடை பெஞ்சு முதல் அரசாங்கக் காரியாலயத்தின் ஆலோசனைக் கூடம் வரையில் இவை ஏறக்குறைய ஒரே வடிவத்தில் வழங்கி வருவதையும், இவற்றை நம்பியே தனி மனிதரும் பள்ளிக்கூடங்களும் சர்க்கார்களும் பெரும் பொருட்செலவான முடிவுகளை எடுத்துவிடுவதையும் நோக்கும்போது, இவ்வபிப்பிராயங்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்று விசாரிப்பது அவசியமாகிறது. நான் கண்ட வரையில், இயங்குதளத்தைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை இயங்குதளத்தைச் சேர்ந்தவையே அல்ல. அச்சுப்பொறி, எழுத்துரு, பிறர் அனுப்பிய கோப்பு, அலுவலகத்தின் நிர்வாக முறை, முதன்முதலில் கை பழகிய விதம் ஆகிய இவற்றின் குறைகள் எல்லாம் ஒன்று சேர்ந்து, கண்ணெதிரே நிற்கிற இயங்குதளத்தின் தலையில் வந்து விழுகின்றன.

இதற்கு ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகராட்சியின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவான உதாரணத்தை நான் அறியேன். அந்நகராட்சியின் காரியாலயங்களில் சுமார் 14,000 மேசைக் கணினிகள் இருந்தன. அவற்றில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் என்.டி. 4 என்னும் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆதரவு முடிவுக்கு வரும் தறுவாயில், அதே நிறுவனத்தின் புதிய பதிப்பை வாங்குவதா, அல்லது லினக்ஸுக்கு மாறுவதா என்னும் கேள்வி 2003ஆம் ஆண்டில் நகர்மன்றத்தின் முன் வந்தது. அப்போது மைக்ரோசாஃப்டின் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்டீவ் பால்மர், சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையிலிருந்தவர், அதை நடுவில் நிறுத்திவிட்டு மியூனிக்குக்கு நேரில் வந்து மேயர் கிறிஸ்டியான் ஊடேயைச் சந்தித்தார். பிறகு அந்நிறுவனம் தன் விலையைக் கணிசமாகக் குறைத்தது. செலவை மட்டும் கணக்கிட்டால் அந்தக் குறைத்த விலையே நகராட்சிக்கு லாபம் என்றுகூட ஆலோசகர்கள் கண்டார்கள். இருந்தும் நகர்மன்றம் அவ்வாண்டு மே மாதத்தில் லினக்ஸின் பக்கமே தீர்மானம் செய்தது. ஒரு வியாபார ஸ்தாபனம் ஆதரவை நிறுத்தும்போதெல்லாம் ஒரு நகரத்தின் நிர்வாகம் முழுவதும் பணப்பெட்டியைத் திறந்துகொண்டு அதன் வாசலில் நிற்க வேண்டும் என்ற நிலையிலிருந்து விடுபட்டு, தன் கணினிகளின் மேல் தனக்கே சுவாதீனம் வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்தது.

அந்தச் சுவாதீனத்தை லினக்ஸ் அளிப்பதற்குக் காரணம், 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தபோது வகுத்த கொள்கை. மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், தம் தேவைக்கேற்பத் திருத்தலாம், திருத்தியதையும் திருத்தாததையும் பிறருக்கு வழங்கலாம் என்பது அது. 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட, இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கெர்னல், மறு ஆண்டே அக்கொள்கையின்படி அமைந்த குனூ உரிமத்தின் கீழ் வந்து, குனூவின் கருவிகளோடு சேர்ந்து முழுமையான இயங்குதளமாயிற்று.

மியூனிக்கின் மாற்றம் லிமக்ஸ் என்ற பெயரில் ஆரம்பித்து, முடிவதற்குப் பத்தாண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்தைக் காட்டி ‘லினக்ஸ் கஷ்டம்’ என்று சொன்னவர்கள் பலர். ஆனால் உள்ளே சென்று பார்த்தவர்கள் கண்டது என்னவென்றால், அந்நகராட்சியில் ஒன்றல்ல, 22 தனித்தனிக் கணினிப் பிரிவுகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் மனம்போல் கணினிகளை அமைத்திருந்தது. கடிதத் தலைப்புகளுக்கும் விண்ணப்பப் படிவங்களுக்கும் ஊழியர்கள் வேர்டு மென்பொருளுக்குள் ஆண்டுக் கணக்கில் எழுதி வைத்திருந்த குறுநிரல்கள் எங்கெங்கே எத்தனை உள்ளன என்பது எவருக்கும் முழுமையாகத் தெரியாது. இந்தச் சிக்கலை அவிழ்க்கவே நகராட்சி தன் சொந்தப் பிரயாசையில் வோல்மக்ஸ் என்ற ஒரு மென்பொருளை உருவாக்க வேண்டி வந்தது. ஊழியர் தம் பெயரையும் துறையையும் ஒரு முறை கொடுத்துவிட்டால், எந்தக் கடிதத்தைத் திறந்தாலும் தலைப்பும் விலாசமும் தொலைபேசி எண்ணும் தாமாகவே வந்து உரிய இடத்தில் அமரும்படி அது செய்தது. அதையும் திறந்த மூலமாகவே அவர்கள் உலகுக்கு வழங்கினார்கள். 2013ஆம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 15,000 கணினிகள் லினக்ஸில் இயங்கின.

அதன் பின்னர் நடந்ததுதான் என் கருத்துக்கு மிக முக்கியமானது. 2014ஆம் ஆண்டில் புதிய மேயராக வந்த டீட்டர் ரைட்டர் ஆரம்பத்திலிருந்தே லிமக்ஸில் திருப்தியற்றவராக இருந்தார். அப்போது பத்திரிகைகளில் அடிபட்ட புகார்களில் ஒன்று, மேயரின் கைப்பேசியில் அலுவலக மின்னஞ்சல் வருவதற்கு வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது. கைப்பேசிக்குக் கடிதம் கொண்டு சேர்ப்பது மின்னஞ்சல் வழங்கியின் வேலை. மேசைக் கணினியில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பதற்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. இருந்தும் அந்தப் பழியும் லினக்ஸின் மேலேயே விழுந்தது. மற்ற அலுவலகங்களிலிருந்து வந்த கோப்புகள் வரிசை குலைந்து திறந்தன, கணினிகளில் பழைய பதிப்புகளே நெடுநாள் கிடந்தன என்ற ஊழியர்களின் குறைகள் உண்மையானவை. அவர்கள் பட்ட சிரமத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் பதிப்புகளைக் காலத்தில் புதுப்பிக்காதது நிர்வாகத்தின் குறை. கோப்பு வரிசை குலைவது அதன் அமைப்பு ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதன் விளைவு. 2017ஆம் ஆண்டில் நகர்மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தபோது, நகராட்சியின் கணினிச் சேவைக்குத் தலைவராக இருந்தவரே, திரும்புவதற்குக் கட்டாயமான தொழில்நுட்பக் காரணம் எதுவும் தமக்குத் தெரியவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். மூன்றே ஆண்டுகளில், 2020இல், புதிதாக அமைந்த கூட்டணி, இயன்ற இடங்களில் எல்லாம் திறந்த மூல மென்பொருளையே கைக்கொள்வோம் என்று மீண்டும் உடன்படிக்கை எழுதிக்கொண்டது.

மியூனிக்கில் பெரிய அளவில் நடந்த இது, நம் ஊர் டி.டி.பி. கடைகளில் தினந்தோறும் சிறிய அளவில் நடக்கிறது. கல்யாணப் பத்திரிகையும் கும்பாபிஷேக நோட்டீசும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் தயாரித்துக் கொடுக்கும் ஒரு கடையில், பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் பல வருஷங்களாகச் சேர்ந்த கோப்புகள் குவிந்திருக்கும். அவற்றின் தமிழ், யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அமைந்தது. கணினியைப் பொறுத்தவரையில் அங்கே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே. எழுத்துரு மாத்திரம் அவற்றுக்குத் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிறது. அப்படிப்பட்ட வாசகம் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய், அந்த எழுத்துரு இல்லாத ஒரு லினக்ஸ் கணினியில் ஒட்டிப் பார்த்தால், ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்க வேண்டிய வரியில் சாய்கோடுகளும் டாலர் குறிகளும் தலைகீழ்க் கேள்விக்குறிகளும் வரிசையாக நிற்கும். பார்த்தவுடன் கடைக்காரர், ‘லினக்ஸில் தமிழ் வராதுங்க’ என்று முடிவு கட்டிவிடுகிறார். அதே வாசகத்தை, அதே எழுத்துரு இல்லாத புதிய விண்டோஸ் கணினியில் ஒட்டும்போதும் திரையில் வருவது அதே கோலம்தான். ஆனால் அங்கே அவர், ‘ஃபான்ட் இன்னும் போடலை’ என்று சரியான காரணத்தைச் சொல்லி, பென் டிரைவைத் தேடப் புறப்பட்டுவிடுகிறார். நோய் ஒன்றாயிருக்க, பழகிய இடத்தில் நிதானமாகவும் பழகாத இடத்தில் அவசரமாகவும் காரணம் சொல்கிற இந்த மனித சுபாவமே, நான் விசாரிக்கும் அபிப்பிராயங்களின் ஊற்றுக்கண்.

ஆயினும் அக்கடைக்காரருக்கு லினக்ஸை ஒதுக்க வேறொரு நியாயமான காரணம் இருந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான ஏழாவது, 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது விண்டோஸுக்கும் மேக்குக்குமாகச் செய்யப்பட்டது. அதற்கு ஈடாகத் திறந்த மூலத்தில் சொல்லப்படும் ஸ்கிரைபஸ், கொம்பும் காலும் இடம் மாறிச் சேரும் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரிவரக் கோக்கும் ஆற்றலை, அதுவும் சோதனைப் பதிப்பில், 2017ஆம் ஆண்டளவில்தான் பெற்றது. அதுவரையில் தமிழ் அச்சுத் தொழிலாளி லினக்ஸை ஏற்காதது அறியாமை என்று சொல்வோர் அவருக்கு அநீதி இழைக்கிறார்கள். திறந்த மூலத்தின் அபிமானிகளாகிய நாம் இத்தகைய உண்மையான குறைகளையும், மேலே சொன்ன எழுத்துருக் குழப்பத்தையும் பிரித்துப் பார்க்காமல், எல்லாப் புகார்க்கும் ‘உமக்குத் தெரியவில்லை’ என்று ஒரே பதிலைச் சொல்லி வந்திருக்கிறோம். அதனால் நஷ்டப்பட்டது திறந்த மூலமே. தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடை அங்கீகரித்து ஆணையிட்ட பின்னராவது, பழைய எழுத்துருக்களில் உறைந்து கிடக்கும் கோப்புகளைப் புதிய முறைக்கு மாற்றித் தரும் வேலையை எவராவது வீதிவீதியாகச் செய்திருந்தால், ஆயிரம் பிரசாரக் கூட்டங்களைவிட அது பெரிய சேவையாயிருந்திருக்கும்.

விலையைப் பற்றிய வாதமும் இங்கே எடுபடாமல் போவதற்குக் காரணம் உண்டு. உரிமம் இல்லாத விண்டோஸ் பிரதியைக் கூலி மாத்திரம் வாங்கிக்கொண்டு ‘ஃபார்மட் அடித்து’ ஏற்றித் தருகிற வழக்கம் ஊர்தோறும் இருக்கும்வரை, லினக்ஸுக்கு விலை இல்லை என்று சொல்வது யாரையும் அசைப்பதில்லை.

பழக்கம் எப்போது பிறக்கிறது என்பதைக் கேரளம் நன்றாக உணர்ந்தது. அங்கே 2001ஆம் ஆண்டில் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், சில ஆண்டுகளுக்குள் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி அளித்து, பாடநூலைத் திருத்தி, 2008ஆம் ஆண்டளவில் பத்தாம் வகுப்பின் கணினித் தேர்வையே முற்றிலும் கட்டற்ற மென்பொருளில் நடத்தும் நிலைக்கு வந்துவிட்டது. இன்று கைட் என்ற பெயரில் நடக்கும் அந்த ஸ்தாபனம், உபுண்டு என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட தன் சொந்த இயங்குதளத்தைப் பள்ளிக்கூடங்களுக்கு வழங்கி வருகிறது; ஜியோஜீப்ராவில் வட்டம் வரைந்தும் இங்க்ஸ்கேப்பில் படம் தீட்டியும் வளரும் ஒரு மலையாளக் குழந்தைக்கு, லினக்ஸ் கஷ்டம் என்ற அபிப்பிராயம் பிறக்க இடமே இல்லை.

நம் மாநிலத்திலும் விதை தூவப்படாமலில்லை. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸ் உருவானது நமக்குப் பெருமையே. மேல்நிலைக் கணினிப் பாடநூல் ஒரு காலத்தில் ஸ்டார் ஆபீஸையும், பின்னர் ஓபன் ஆபீஸையும் கற்பித்தது. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் சேர்ந்து வந்தன. இரண்டு இயங்குதளம் உள்ள கணினியை இயக்கியதும் ஒரு பட்டியல் தோன்றிச் சில வினாடிகள் காத்திருக்கும். அந்தச் சில வினாடிகளில் எதைத் தேர்வதென்று மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும், செய்து பார்க்கப் பாடத்தில் ஒரு வேலை வேண்டும், தேர்வில் அதற்கு மதிப்பெண் வேண்டும். இவை மூன்றும் போதிய அளவில் சேராத இடங்களில், பக்கத்து வீட்டு அண்ணன் ‘அதை எடுத்துட்டு முழுசா விண்டோஸ் போட்டுக்கடா, இடம் மிச்சமாகும்’ என்று சொன்னதே கடைசி வார்த்தையாயிற்று. பாஸ் லினக்ஸ் நல்லதா கெட்டதா என்ற விசாரணைக்கு அங்கே சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

இவற்றையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஓர் அவசரம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் வகையில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட செயலியும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள், இந்த நிபந்தனை ஒன்றினாலேயே பழைய இரும்பின் கணக்கில் சேரப் போகின்றன. அவற்றை வைத்திருக்கும் பள்ளிக்கூடங்களும் சிறு அலுவலகங்களும், ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, கணினியின் வட்டில் ஒன்றையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கி, தம் அச்சுப்பொறி அசைகிறதா, தம் கோப்புகள் திறக்கின்றனவா, தமிழ்99 விசைப்பலகை அமைகிறதா என்று ஒரு பிற்பகல் பொழுதில் சோதித்துவிடலாம். பிறர் சொன்ன அபிப்பிராயத்துக்குப் பதில் பிரத்தியட்ச அனுபவம் கையில் இருக்கும்.

மாறத் தீர்மானிப்போர் பின்பற்றத் தக்க வரிசையைப் பிரான்ஸ் தேசத்தின் ஜாந்தார்மெரி என்னும் காவல்படை முன்பே காட்டியிருக்கிறது. அது 2005ஆம் ஆண்டில், விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, கடிதம் எழுதும் மென்பொருளை மாத்திரம் ஓபன் ஆபீஸாக மாற்றியது. மறு ஆண்டு ஃபயர்ஃபாக்ஸையும் தண்டர்பேர்டையும் கொண்டுவந்தது. கை பழகிய கருவிகள் எல்லாம் ஏற்கெனவே மாறிவிட்ட பிறகு, 2008ஆம் ஆண்டிலிருந்து அடியில் இருந்த இயங்குதளத்தை உபுண்டுவாக மாற்றத் தொடங்கியபோது, அதன் வீரர்களுக்குப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது மிகச் சொற்பம். இன்றுவரை அவர்கள் திரும்பவில்லை. மியூனிக்கின் அனுபவத்தைக் கண்ணெதிரே கண்ட ஜெர்மனியின் வட மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனும் இப்போது இதே வரிசையைத்தான் கைக்கொண்டிருக்கிறது. 2024ஆம் ஆண்டில், ஏறத்தாழ 30,000 கணினிகளில் லிப்ரே ஆபீஸை ஏற்கத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டில் அரசு ஊழியர்களின் மின்னஞ்சலைத் திறந்த மூல வழங்கிக்கு மாற்றியது. இயங்குதளத்தை மாற்றும் வேலையை இவ்விரண்டுக்கும் பின்னால் வைத்திருக்கிறது.