மூன்று மணி நேர அவகாசம்: பேறுகால உதிரப்போக்கும் அதுபற்றிய ஆய்வுகளும்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023ஆம் ஆண்டில் கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் அதையொட்டிய நாட்களிலும் உயிரிழந்த பெண்கள் ஏறத்தாழ 2,60,000 பேர். இவற்றுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் குறைந்த வருமானமும் கீழ்நடுத்தர வருமானமும் கொண்ட நாடுகளில் நிகழ்ந்தவை. பிரசவத்திற்குப் பிந்தைய உதிரப்போக்கு மட்டும் ஆண்டுதோறும் பல்லாயிரம் தாய்மார்களைப் பலிகொள்கிறது. இதனைத் தடுக்க உதவும் மருந்தொன்று 1960களிலேயே கண்டறியப்பட்டிருந்தது. அது பிரசவ அறையை வந்தடைய ஏன் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பது சிந்திக்கத்தக்க வரலாறாகும்.

நிறைமாதக் கர்ப்பிணியின் கருப்பையினூடாக நிமிடத்திற்கு அரை லிட்டர் அல்லது அதற்கும் அதிகமான இரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சு பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தின் இரத்த நாளங்கள் திறந்தவாறு நிற்கின்றன. கருப்பைத் தசைகள் இறுகிச் சுருங்கி அந்நாளங்களை நெரித்து அடைப்பதாலேயே பெரும்பாலான தாய்மார்கள் தப்புகின்றனர். தசைகள் தளர்ந்துவிட்டாலோ, பிறப்புப் பாதையில் கிழிவு ஏற்பட்டாலோ, நஞ்சின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிட்டாலோ உதிரம் பெருகத் தொடங்கும். முன்னரே இரத்தசோகையால் நலிந்த பெண் சில மணி நேரத்திற்குள் உயிரிழக்கவும் கூடும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் போன்ற மருந்துகள் முதல் அரணாக விளங்குகின்றன. எனினும் எல்லாப் பெண்களுக்கும் அவை போதுமானவையாக அமைவதில்லை.

ஜப்பானிய மருத்துவ ஆய்வாளர் உதாகோ ஒகமோட்டோவும் அவருடைய கணவர் ஷோசுகேயும் இச்சிக்கலை வேறொரு கோணத்திலிருந்து அணுகினர். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் இயல்பான செயற்பாடு ஒன்று உடலில் உண்டு. கடும் உதிரப்போக்கின்போது அது மிகையாகி, காயத்தை அடைத்த உறைவையே கரைத்துவிடுகிறது. இதைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பற்றி அவர்கள் 1962இல் அறிவித்தனர். பிரசவித்த பெண்களிடம் இதைச் சோதித்துப் பார்க்குமாறு உதாகோ மகப்பேறு மருத்துவர்களை வேண்டினார், அவர்கள் இணங்கவில்லை. பல் மருத்துவத்திலும் அறுவை சிகிச்சையிலும் இடம்பெற்ற அம்மருந்து, தாய்மார்களைப் பொறுத்தவரை நெடுங்காலம் சோதிக்கப்படாமலே இருந்தது.

அந்தச் சோதனையை இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஹலீமா ஷகூர், இயன் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழு 2010இல் தொடங்கியது. 21 நாடுகளில் 20,060 பெண்கள் இதில் பங்கேற்றனர். நைஜீரியாவையும் பாகிஸ்தானையும் சேர்ந்தவர்களே அவர்களுள் மிகுதி. முடிவுகள் 2017இல் வெளியாயின. கருப்பையை அகற்றும் அறுவையின் தேவையை இம்மருந்து குறைக்கவில்லை. ஆனால் குழந்தை பிறந்து மூன்று மணி நேரத்திற்குள் செலுத்தப்பட்டபோது, உதிரப்போக்கினால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒவ்வொரு கால் மணி நேரத் தாமதமும் மருந்தின் பயனில் பத்து விழுக்காட்டைக் குறைக்கிறது என்பதை 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. உதாகோ ஒகமோட்டோ இம்முடிவுகளைக் காணவில்லை. 2016 ஏப்ரலில் தமது 98ஆம் வயதில் அவர் காலமானார்.

ஒரு மருந்தின் வெற்றி அதனை எங்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை வளர்ப்பதுண்டு. இரத்தசோகையுள்ள 15,068 பெண்களுக்குப் பிரசவம் முடிந்தவுடன் முன்னெச்சரிக்கையாக அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அது உதிரப்போக்கைத் தடுக்கவில்லை. இத்தகைய எதிர்மறை முடிவுகளையும் மறைக்காமல் வெளியிடுவது அறிவுத்துறை நேர்மையின் இலக்கணம்.

நேரம் இத்துணை முக்கியமெனில், ஆபத்தை உடனே அறிவது எப்படி என்ற கேள்வி எழுகிறது. பல இடங்களில் இழந்த இரத்தத்தின் அளவு கண்ணால் பார்த்தே மதிப்பிடப்படுகிறது. துணியிலும் படுக்கையிலும் ஊறிய இரத்தம் உண்மையைவிடக் குறைவாகவே தோன்றும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் மிக எளிய வழியொன்று கையாளப்பட்டது. அளவுக் கோடுகள் இட்ட பிளாஸ்டிக் விரிப்பு தாயின் கீழே விரிக்கப்பட்டது. உதிரம் குறிப்பிட்ட அளவை எட்டியதும் கருப்பையைப் பிசைந்து தேய்த்தல், அதனைச் சுருக்கும் மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்புவழித் திரவம், காரணத்தைத் தேடும் பரிசோதனை ஆகிய அனைத்தும் ஒருசேரத் தொடங்கின. 2023இல் வெளியான முடிவின்படி, வழக்கமான முறையில் ஏறத்தாழ பாதி உதிரப்போக்குகளே கண்டறியப்பட்டன. விரிப்பு இருந்த இடங்களில் 93 விழுக்காடு கண்டறியப்பட்டன. கடும் விளைவுகள் 60 விழுக்காடு குறைந்தன.

மருந்து விலையுயர்ந்ததன்று, விரிப்பும் அவ்வாறே. குறைவாக இருந்தது, ஏழைத் தாயின் இரத்தம் எவ்வளவு வழிகிறது என்பதை அளந்து பார்க்கும் கவனம்தான். பிரசவத்தில் உயிர்நீக்கும் பெண் ஷஹீத்களின் அந்தஸ்தைப் பெறுகிறாள் என்பதை நாம் அறிவோம். அவளுக்குரிய அந்த உயர்வு, தடுக்கக்கூடிய மரணத்தைப் பாராதிருக்க நமக்குத் தரப்பட்ட அனுமதியாகாது. கர்ப்ப காலத்திலேயே இரத்தசோகையைக் கண்டறிந்து நீக்குவதும், பிரசவத்திற்குப் பிந்தைய முதல் மணி நேரங்களில் தாயைத் தனியே விடாதிருப்பதும், இம்மருந்தும் விரிப்பும் தம் ஊர் மருத்துவமனையில் உள்ளனவா என்று கேட்டறிவதும் ஒவ்வொரு குடும்பத்தின் கடமைகளாகும். குழந்தையின் முதல் அழுகுரலைக் கேட்டு மகிழும் வீட்டார், அதே வேளையில் தாயின் பக்கமும் பார்வையைத் திருப்ப வேண்டும்.