கடலோரம் காத்த வட்டக் கோட்டைகள்

கோட்டை என்றவுடன் ஆழ்ந்த அகழியும் நெடிய மதிலுமே நம் நினைவுக்கு வரும். ஆனால், கவிழ்த்து வைத்த வாளியைப் போன்ற வடிவில், உச்சியில் பீரங்கியைத் தாங்கிக் கடலோரத்தில் நிற்கும் சிறு கோட்டைகளும் உலகில் உண்டு. அவற்றை 'மார்ட்டெல்லோ கோபுரங்கள்' என்பர். அவற்றின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

மத்தியதரைக் கடலில் கோர்சிக்கா என்னும் தீவு உள்ளது. அங்கு, மொர்டெல்லா முனையில் பழைய வட்டக் கோபுரம் ஒன்று இருந்தது. 1794ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் இரண்டு அதனைத் தாக்கின. கப்பல்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகள், கோபுரத்திலோ மூன்றே! எனினும், கோபுரம் அசையவில்லை. கப்பல்களே சேதமுற்றுப் பின்வாங்கின. பின்னர்த் தரைவழியே தாக்கித்தான் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர்.

அந்தச் சிறு கோபுரத்தின் வலிமை அவர்களை வியக்க வைத்தது. நெப்போலியன் படையெடுத்து வருவான் என அஞ்சிய காலத்தில், அதனையே முன்மாதிரியாகக் கொண்டனர். 1805 முதல் 1812 வரை இங்கிலாந்தின் தென்கரையிலும் கீழ்க்கரையிலும் 103 கோபுரங்களை எழுப்பினர். 'மொர்டெல்லா' என்னும் பெயர் அவர்கள் நாவில் 'மார்ட்டெல்லோ' எனத் திரிந்தது.

இக்கோபுரங்கள் சுமார் 33 அடி உயரமுடையவை. கடலை நோக்கிய சுவர் ஏறத்தாழ 13 அடி கனமும், நிலப்பக்கச் சுவர் 6 அடி கனமும் கொண்டவை. சுவர் வளைந்திருந்தமையால் பீரங்கிக் குண்டுகள் பட்டுத் தெறித்து விலகின. கீழ்த்தளத்தில் வெடிமருந்தும் உணவும் இருந்தன. நடுத்தளத்தில் ஓர் அதிகாரியும் ஏறக்குறைய 24 வீரர்களும் தங்கினர். மேல்தளப் பீரங்கியை எத்திசையிலும் திருப்பலாம். வாயில் தரைமட்டத்தில் இராது. ஏணியின் துணைகொண்டே ஏற வேண்டும்.

அயர்லாந்திலும், இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் இத்தகைய கோபுரங்கள் கட்டப்பட்டன.

நெப்போலியன் இங்கிலாந்தின்மீது படையெடுத்து வரவேயில்லை. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், உட்குழலில் திருகுவரி வெட்டிய புதுப் பீரங்கிகள் தோன்றின. அவற்றின் குண்டுகளுக்கு முன் இச்சுவர்கள் நிற்க இயலாமற்போயின. இன்று சில கோபுரங்கள் கடலரிப்பால் அழிந்துவிட்டன; சில அருங்காட்சியகங்களாகவும் வீடுகளாகவும் விளங்குகின்றன. அயர்லாந்தின் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904இல் தங்கியிருந்த கோபுரமும் அவற்றுள் ஒன்று.

உருவத்தால் சிறியது என்று எதனையும் இகழ்தல் ஆகாது. தம்மைத் தடுத்து நிறுத்திய கோபுரத்தையே ஆசானாகக் கொண்டு ஆங்கிலேயர் கற்றனர். நாமும் தோல்வி நேருங்கால் சோர்ந்துவிடாமல், அது புகட்டும் பாடத்தைக் கற்று முன்னேறுவோமாக!